போலிஷ்-அமெரிக்க மரபுக் கட்டுரை ஸ்காலர்ஷிப்: விண்ணப்பிப்பது முதல் எழுதி முடிப்பது வரை

அமெரிக்காவில் அக்டோபர் மாதம் போலிஷ்-அமெரிக்க மரபு மாதம், அதாவது போலந்து வம்சாவளி அமெரிக்கர்களின் மரபைக் கொண்டாடும் மாதம். 1981-ல் பிலடெல்பியாவில் ஆகஸ்ட் மாதத்துக் கொண்டாட்டமாக இது தொடங்கியது. ஆகஸ்டில் பள்ளிக்கூடங்கள் மூடியிருக்கும். பிள்ளைகளும் கலந்துகொள்ளட்டும் என்று 1986-ல் அக்டோபருக்கு மாற்றினார்கள். அக்டோபருக்கு வேறு பொருத்தமும் உண்டு. 1608 அக்டோபரில்தான் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் முதல் போலிஷ் கைவினைஞர்கள் கரையிறங்கினார்கள். 1779 அக்டோபர் 11-ல், அமெரிக்க விடுதலைப் போரின் சவான்னா சண்டையில் காயம்பட்ட போலிஷ் குதிரைப்படைத் தளபதி கசிமிர் புலாஸ்கி உயிர்விட்டார்.

போலிஷ் வம்சாவளியினர் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள் அமெரிக்காவில் ஏறத்தாழ 90 லட்சம் பேர். அவர்களுடைய சங்கங்கள், அறக்கட்டளைகள், பங்கு ஆலயங்கள் எனப் பல இடங்களிலிருந்து மாணவர்களுக்குக் கல்லூரி உதவித்தொகை கிடைக்கிறது. பல விண்ணப்பங்களில் ஒரு கட்டுரையும் கேட்பார்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து இப்படிப்பட்ட கட்டுரைகளைத் திருத்தியிருக்கிறேன். பத்தில் எட்டு ஒரே மாதிரி இருக்கும்: "போலிஷ் மக்கள் உழைப்பாளிகள், குடும்பப் பாசம் மிக்கவர்கள், இந்த மரபில் பிறந்ததில் பெருமைப்படுகிறேன்." எழுதிய பிள்ளையின் மனதில் உண்மையான பெருமை இருக்கிறது, ஆனால் காகிதத்தில் அது தெரியவில்லை. அதைக் காகிதத்தில் கொண்டுவரும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

முதல் படி: யார் தருகிறார்கள், யாருக்குத் தருகிறார்கள்

பெரிய பெயர்களில் முதலில் வருவது கோஷ்சியுஷ்கோ ஃபவுண்டேஷன். 1925-ல் தொடங்கி நியூயார்க்கிலிருந்து இயங்குகிறது. மேற்படிப்பு மாணவர்களுக்கான கல்விக்கட்டண உதவி இதன் முக்கியமான திட்டம். அடுத்து சகோதர சங்கங்கள். 1873-ல் தொடங்கிய போலிஷ் ரோமன் கத்தோலிக்க யூனியன், 1880-ல் தொடங்கிய போலிஷ் நேஷனல் அலையன்ஸ், 1898-ல் பெண்களுக்காகப் பெண்களே தொடங்கிய போலிஷ் விமன்ஸ் அலையன்ஸ் எல்லாம் இந்த வகை.

இந்தச் சங்கங்கள் எப்படி உருவாயின என்று தெரிந்தால் இவற்றின் விதிகள் எளிதில் புரியும். நிலக்கரிச் சுரங்கத்திலும் இரும்பாலையிலும் வேலை பார்த்தவர்களுக்கு அன்று நஷ்டஈடு என்ற பேச்சே கிடையாது. ஒருவர் செத்துப்போனால் குடும்பம் தெருவில் நிற்கும். அதனால் ஆளுக்குக் கொஞ்சம் மாதச் சந்தா போட்டு, இறந்தவர் வீட்டுக்கு அடக்கச் செலவும் கொஞ்சம் பணமும் கொடுக்க ஏற்பாடு செய்துகொண்டார்கள். அந்தச் சந்தாதான் வளர்ந்து இந்தச் சங்கங்களின் இன்றைய ஆயுள் காப்பீடாக ஆனது. இவர்கள் தரும் உதவித்தொகைக்குப் பெரும்பாலும் "உறுப்பினராக இருக்க வேண்டும், இத்தனை வருடம் ஆகியிருக்க வேண்டும்" என்று நிபந்தனை இருப்பது அதனால்தான். தாத்தா பாட்டி யாராவது எப்போதோ பெயர் போட்டு ஒரு சின்ன பாலிசி எடுத்து வைத்திருப்பார்கள்; குடும்பத்தில் யாருக்கும் நினைவிருக்காது. விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் அந்தப் பழைய காகிதத்தைத் தேடிப் பாருங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், உள்ளூரிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. உங்கள் ஊர் போலிஷ் கிளப், பங்கு ஆலயம், கடன் சங்கம், சனிக்கிழமை போலிஷ் பள்ளி ஆகியவை தருவது சின்னத் தொகையாக இருக்கலாம். ஆனால் விண்ணப்பிப்பவர்கள் குறைவு, கட்டுரையை நிதானமாகப் படிப்பார்கள். பள்ளியில் கல்லூரி ஆலோசகரிடம் கேட்டால் உள்ளூர் பட்டியல் ஒன்று கையில் இருக்கும்.

தகுதி விதிகளில் ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வம்சாவளி, உறுப்பினர் நிலை, குடியிருக்கும் மாநிலம், படிப்பின் நிலை, மதிப்பெண் சராசரி. வம்சாவளிக்கு ஒரு தாத்தா போதுமா, இரண்டு பேர் வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். அப்பா மதுரைக்காரர், அம்மா மில்வாக்கியின் போலிஷ் குடும்பத்தவர் என்றால், பெயரில் போலிஷ் சாயல் இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளை தயங்காமல் விண்ணப்பிக்கலாம். போலிஷ் ரத்தமே இல்லாமல் போலிஷ் மொழியையோ வரலாற்றையோ பாடமாக எடுத்துப் படிப்பவர்களுக்கும் சில இடங்களில் கதவு திறந்திருக்கிறது.

விண்ணப்பிக்க வைப்பதற்கே கட்டணம் கேட்கும் முகவர்களையும் இணையதளங்களையும் ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாம் படி: கேள்வியைப் பிரித்துப் பாருங்கள்

வார்த்தைகள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று வகைதான். "போலிஷ் மரபு உங்களை எப்படி உருவாக்கியது" என்பது ஒன்று. "அமெரிக்காவுக்குப் பங்களித்த ஒரு போலிஷ்-அமெரிக்கரைப் பற்றி எழுதுக" என்பது இன்னொன்று. "இந்த மரபை அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கொண்டுபோவீர்கள்" என்பது மூன்றாவது. கேள்வியைக் கையால் எழுதி, வினைச்சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள். "உருவாக்கியது" என்று கேட்டால் நீங்கள் மாறியது எங்கே என்று காட்ட வேண்டும். "பங்களித்த" என்று கேட்டால் அவர் செய்த காரியம் வேண்டும், வாழ்க்கைக் குறிப்பு போதாது.

மூன்றாம் படி: வீட்டுக்குள் தோண்டுங்கள்

இந்த வேலைக்குக் குறைந்தது இரண்டு வாரம் ஒதுக்குங்கள். கட்டுரையின் உயிர் இங்கேதான் கிடைக்கும்.

முதலில் வீட்டில் வயதானவரிடம் உட்காருங்கள். போனில் பதிவு செய்ய அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். "போலிஷ் கலாச்சாரம் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆரம்பித்தால் அவருக்கும் ஒன்றும் தோன்றாது. சின்னதாகக் கேளுங்கள். உங்கள் அம்மா வீட்டில் எந்த மொழியில் திட்டுவார்? முதல் வேலை எது, கையில் என்ன கூலி கிடைத்தது? எந்தப் பாத்திரத்தை ஊரிலிருந்து கொண்டு வந்தீர்கள்? பள்ளியில் உங்கள் பெயரை எப்படி உச்சரித்தார்கள்? இப்படிக் கேட்டால் அவர் பேசத் தொடங்கிவிடுவார்; குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

அப்புறம் ஆவணங்கள். குடியேற வந்தவர்களைச் சோதித்து உள்ளே விட்ட நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவு வழியாக வந்தவர்களின் கப்பல் பயணிகள் பட்டியலை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். 1950 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களும் பார்வைக்குத் திறந்திருக்கின்றன. குடியுரிமை விண்ணப்பம், பங்கு ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு, கல்லறைக் கல் எல்லாமே சாட்சிகள்.

கப்பல் பட்டியலில் ஒரு தாளைத் திறந்து, ஒரே ஒரு வரியில் விரலை வைத்து இடமிருந்து வலமாகப் படித்துப் பாருங்கள். பெயர், வயது, தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா, கடைசியாக வாழ்ந்த ஊர், பயணச்சீட்டுக்குப் பணம் கட்டியது யார், கையில் எத்தனை டாலர், யாரிடம் போகிறார், அந்த ஆளின் முகவரி என்ன. 1907-க்குப் பிறகு வந்தவர் என்றால் ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினர் பெயரும், உயரமும், கண்ணின் நிறமும்கூட இருக்கும். "சீட்டு வாங்கிக் கொடுத்தது: அண்ணன்" என்ற ஒரு குறிப்பு போதும், உங்கள் கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும். ஓர் அண்ணன் முன்னால் வந்து, பணம் சேர்த்து, தம்பிக்குச் சீட்டு அனுப்பியிருக்கிறார்.

இங்கே பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "எங்கள் கொள்ளுத்தாத்தா போலந்துக்காரர் என்றார்கள், பதிவேட்டில் ஆஸ்திரியா என்று இருக்கிறதே" என்று குழம்புவார்கள். 1772, 1793, 1795 என மூன்று முறை ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போலந்தைக் கூறுபோட்டன; 1793-ல் மட்டும் ஆஸ்திரியா சேரவில்லை. 1795-லிருந்து 1918 வரை போலந்து என்று ஒரு நாடு வரைபடத்தில் இல்லை. அந்தக் காலத்தில் கப்பலேறியவர்களைக் குடிமக்களாக எழுதியது அந்த மூன்று பேரரசுகளின் கணக்கில்தான். ஆனால் 1899-லிருந்து பயணிகள் பட்டியலில் இனம் என்று தனியாக ஒரு பத்தி சேர்த்தார்கள். நாடு என்ற இடத்தில் ரஷ்யா, பக்கத்துப் பத்தியில் போலிஷ். நாடு இல்லாத ஒரு மக்கள் ஒரு குமாஸ்தாவின் பேனாவால் தங்கள் பெயரைப் பதித்துக்கொண்ட இடம் அது. எனக்கு அந்தப் பத்தியைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும்.

பெயர் மாறிய கதை பல குடும்பங்களில் உண்டு. "எல்லிஸ் தீவு அதிகாரி எங்கள் பெயரை மாற்றிவிட்டார்" என்று அப்படியே எழுதிவிடாதீர்கள். அங்கிருந்த குமாஸ்தாக்கள் புதிதாகப் பெயர் எழுதவில்லை. கப்பல் ஏறும்போதே தயாரான பட்டியலைத்தான் சரிபார்த்தார்கள். பெயர் பெரும்பாலும் பின்னால்தான் மாறியது: ஆலையின் சம்பளப் புத்தகத்தில், பள்ளியில், அல்லது வேலை கிடைக்க வேண்டுமே என்று குடும்பமே எடுத்த முடிவில். உங்கள் வீட்டில் எது நடந்தது என்று கேளுங்கள். உண்மைக் கதை அந்தப் பழைய கட்டுக்கதையைவிட நன்றாக இருக்கும்.

நான்காம் படி: வீட்டுக் கதையை நாட்டுக் கதையோடு முடிச்சுப் போடுங்கள்

குடும்பம் எந்த வருடம் வந்தது என்று தெரிந்தால், எந்த அலையில் வந்தது என்பது தெரிந்துவிடும். 1854 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் சைலீசியக் குடியானவர்கள் டெக்சாஸில் பன்னா மரியா என்ற ஊரை அமைத்தார்கள். அமெரிக்காவில் இன்றுவரை நிலைத்திருக்கும் மிகப் பழைய போலிஷ் குடியிருப்பு அது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1914 வரை வந்த பெருங்கூட்டத்தை "ஸா ஹ்லேபெம்" என்பார்கள், ரொட்டி தேடி வந்தவர்கள் என்று பொருள். சிகாகோவின் இறைச்சிக் கூடங்கள், பென்சில்வேனியாவின் சுரங்கங்கள், டெட்ராய்ட் பக்கத்து ஹாம்ட்ராம்க்கின் கார் ஆலை ஆகியவை நிரம்பியது இவர்களால்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடிழந்தவர்களுக்கான 1948 சட்டத்தின்கீழ் வந்தவர்கள் ஒரு தலைமுறை. 1981 டிசம்பர் 13-ல் போலந்தில் ராணுவச் சட்டம் வந்த பிறகு வந்த சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தினர் இன்னொரு தலைமுறை.

சுரங்கக் குடும்பம் என்றால் 1897 செப்டம்பர் 10-ஐப் படியுங்கள். பென்சில்வேனியாவின் லாட்டிமரில், அமெரிக்கக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஆயுதமில்லாமல் ஊர்வலம் போன தொழிலாளர்கள்மேல் ஷெரிஃபின் ஆட்கள் சுட்டார்கள். 19 பேர் இறந்தார்கள். போலிஷ், ஸ்லோவாக், லித்துவேனியர் என்று எல்லோரும் அதில் உண்டு. சுட்டவர்கள் விடுதலையானார்கள். நம் கட்டுரைகளில் இதைப் பார்ப்பது அரிது. புலாஸ்கியையே எல்லோரும் எழுதும்போது இதை எழுதும் பிள்ளையின் தாள் தனியாகத் தெரியும்.

உரிமைக்காக நின்ற கதை இன்னும் பழையது. ஜேம்ஸ்டவுனில் கண்ணாடி, தார், சோப்புச் சாம்பல் செய்யத் தெரிந்த போலிஷ்காரர்களுக்கு வாக்குரிமை மறுத்தபோது தகராறு எழுந்தது. 1619 ஜூலையில் வர்ஜீனியா கம்பெனி, அவர்களுக்கும் மற்ற குடிகளைப் போல உரிமை உண்டு என்று பதிவு செய்தது.

ஆளைப் பற்றி எழுதச் சொன்னால், ஒரே ஒரு செயலைப் பிடித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விடுதலைப் போரில் ராணுவப் பொறியாளராக இருந்த ததேயுஷ் கோஷ்சியுஷ்கோ என்றால் சரட்டோகா அரண், வெஸ்ட் பாயின்ட் கோட்டை என்று அடுக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அதை விட்டு 1798-ல் அவர் எழுதிய உயிலுக்கு வாருங்கள். அமெரிக்காவில் தனக்கு இருந்த சொத்தை வைத்து அடிமைகளை விலைக்கு வாங்கி விடுதலை செய்யவும், அவர்களுக்குக் கல்வி கொடுக்கவும் எழுதி, நிறைவேற்றும் பொறுப்பைத் தாமஸ் ஜெஃபர்சனிடம் கொடுத்தார். 1817-ல் கோஷ்சியுஷ்கோ இறந்தார். ஜெஃபர்சன் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். வழக்கு வருடக்கணக்காக நடந்து, 1852-ல் உச்ச நீதிமன்றம் அந்த உயில் செல்லாது என்றது. அந்தப் பணத்தில் ஒருவரும் விடுதலையாகவில்லை. பிலடெல்பியாவில் அவர் தங்கியிருந்த சின்ன வீடு இன்று தேசியப் பூங்காத் துறையின் மிகச் சிறிய நினைவிடம். அங்கே போய் நின்று பார்த்துவிட்டு எழுதினால் அந்தப் பக்கம் வேறு மாதிரி வரும்.

அல்லது ஸ்டெஃபனி குவோலெக். 1923-ல் பென்சில்வேனியாவின் நியூ கென்சிங்டனில் போலிஷ் குடும்பத்தில் பிறந்தவர். பத்து வயதில் அப்பாவை இழந்தார். அம்மாவிடமிருந்து துணியும் தையலும் கற்றார். டிசைனர் ஆகலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். 1965-ல் டூபாண்ட் ஆய்வகத்தில் அவர் கையில் கிடைத்த கரைசல் நீர்த்தும் கலங்கியும் இருந்தது, வேறொருவர் கொட்டியிருப்பார். அவர் விடவில்லை. நூற்கும் எந்திரத்தை அடைத்துவிடும் என்று தயங்கிய சக ஊழியரைச் சம்மதிக்க வைத்து நூற்றார். அதுதான் கெவ்லார், குண்டு துளைக்காத உடுப்பின் இழை. தையல்காரியின் மகள், இழை, விடாப்பிடி என்று மூன்றையும் கோத்தால் கட்டுரை தானாக நகரும்.

மேரி கியூரியும் கோபர்நிக்கஸும் அடிக்கடி வருவார்கள். இருவரும் போலிஷ் மண்ணின் பிள்ளைகள், ஆனால் போலிஷ்-அமெரிக்கர்கள் அல்ல. கேள்வியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கியூரியைத்தான் எழுத வேண்டும் என்றால், 1921-ல் அமெரிக்கப் பெண்கள் பணம் திரட்டி அவருக்கு ஒரு கிராம் ரேடியம் வாங்கிக் கொடுத்த நிகழ்ச்சி நல்ல பாலம்.

இன்னொன்று, மிக முக்கியம். இரண்டாம் உலகப் போரைத் தொட்டால் "போலிஷ் வதைமுகாம்கள்" என்று எழுதவே கூடாது. அவை ஜெர்மன் நாஜிகள் ஆக்கிரமித்த போலந்தில் ஜெர்மானியர்கள் நடத்தியவை. படிக்கும் பெரியவர்களில் சிலரின் குடும்பம் அங்கே அழிந்திருக்கும். அதேபோல் போலந்திலிருந்து வந்த யூதர்களின் கதையும் இந்த மரபுக்குள் அடங்கியது. உங்கள் குடும்பம் அது என்றால் தயங்காமல் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: முதல் பத்தி

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு மாணவி முதலில் இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "என் குடும்பத்தில் போலிஷ் பாரம்பரியங்களுக்கு முக்கிய இடம் உண்டு. கிறிஸ்துமஸை நாங்கள் சிறப்பாகக் கொண்டாடுவோம்."

கேள்வி கேட்டுக் கேட்டு, வீட்டில் தேடித் தேடி, அதே மாணவி பிறகு எழுதுவது இது:

"கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு எங்கள் மேஜையில் ஒரு தட்டு கூடுதலாக இருக்கும். யாருக்கு என்று ஆறு வயதில் கேட்டேன். 'வருகிறவருக்கு' என்றார் பாட்டி. யாரும் வந்ததில்லை. போன வருடம் அவர் அலமாரியில் 1949-ம் வருடத்துக் கப்பல் காகிதம் ஒன்று கிடைத்தது. ஐந்து வயதில், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் மேஜையில், அந்தக் கூடுதல் தட்டில் சாப்பிட்டவர் அவர்தான்."

இதில் பெருமை என்ற சொல் இல்லை. ஆனால் விகிலியா என்னும் அந்த இரவு விருந்தின் வழக்கமும், குடும்பத்தின் வருகையும், பாட்டியின் மனசும் வந்துவிட்டன. அடுத்த பத்திக்கு வரலாறு தயாராக நிற்கிறது: 1948 சட்டப்படி வர வேண்டுமானால் வேலைக்கும் வீட்டுக்கும் அமெரிக்காவில் ஒருவர் உறுதி கொடுக்க வேண்டும். யாரோ ஒருவர் கொடுத்த உறுதிதான் அந்தத் தட்டு. கடைசிப் பகுதியில் மாணவி தன்னிடம் வருகிறாள்: புதிதாகப் பள்ளியில் சேர்ந்த அகதிப் பிள்ளைக்கு மதிய உணவு மேஜையில் இடம் கொடுத்தது, நூலகத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது, எது உண்மையோ அது.

750 வார்த்தைக் கட்டுரை என்றால் அந்தத் தட்டு போன்ற ஒரு பொருளுக்கும் காட்சிக்கும் 150, குடும்பக் கதைக்கு 200, வரலாற்றுக்கு 150, மீதி 250 உங்களுக்கு. கடைசி எண்ணைக் குறைக்காதீர்கள். கல்லூரியில் படிக்கப் போவது நீங்கள். பணம் உங்களுக்குத்தான் தரப் போகிறார்கள்.

ஆறாம் படி: சொல் சுத்தம்

போலிஷ் சொற்களைப் போட்டால் சரியாகப் போடுங்கள். பியெரோகி (உள்ளே பூரணம் வைத்த கொழுக்கட்டை மாதிரி) என்பதே பன்மை. அதன்மேல் ஆங்கிலப் பன்மை விகுதி வேண்டாம். பொன்ச்கி (ஜாம் வைத்த டோனட்) பன்மை, ஒன்று என்றால் பொன்ச்செக். எழுத்துகளின் மேலும் கீழும் வரும் குறிகளை விட்டுவிடாதீர்கள், முக்கியமாக ஊர்ப் பெயரிலும் குடும்பப் பெயரிலும். பாட்டிக்குப் போலந்தில் பாப்ச்சா என்பார்கள். மிச்சிகன், சிகாகோ பக்கத்துப் பழைய குடும்பங்களில் புஷா என்பார்கள். போலந்திலிருந்து வந்தவர் ஒருவர் "இது தப்பு" என்று திருத்தினாலும் மாற்றாதீர்கள். உங்கள் வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அதுதான் சரி. அந்தச் சொல்லே அமெரிக்க மண்ணில் வளர்ந்த மரபு.

ஏழாம் படி: காகித வேலை

இதை வேகமாகச் சொல்லிவிடலாம். பரிந்துரைக் கடிதத்தைக் கடைசித் தேதிக்கு நான்கு வாரம் முன்பே கேளுங்கள். ஆசிரியரிடம் கட்டுரையின் வரைவையும் கொடுங்கள். மதிப்பெண் பட்டியலுக்குப் பள்ளி அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள். வம்சாவளிச் சான்று கேட்டால் ஞானஸ்நானச் சான்றிதழ் நகல் போன்று எது ஏற்கப்படும் என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். வார்த்தை வரம்பைத் தாண்டாதீர்கள். கடைசி நாள் இரவு வரை காத்திருக்க வேண்டாம்.

பணம் கிடைத்த பிறகு இரண்டு விஷயம். கல்விக்கட்டணத்துக்கும் கட்டாயப் பாடப்புத்தகத்துக்கும் செலவிட்டால் அமெரிக்காவில் வருமான வரி இல்லை. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் செலவிட்ட பகுதிக்கு வரி உண்டு. அப்புறம், வெளி உதவித்தொகை வந்ததைக் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சில கல்லூரிகள் அந்த அளவுக்குத் தங்கள் உதவியைக் குறைத்துவிடும். மானியத்தை விட்டுவிட்டு, கடன் பகுதியை முதலில் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பலர் கேட்பதே இல்லை.

எட்டாம் படி: அனுப்புவதற்கு முன்

கட்டுரையைச் சத்தமாக வாசியுங்கள், கதை சொன்ன பெரியவர் எதிரிலேயே. நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியம் நீளம். அவர் "அப்படி இல்லையே" என்று குறுக்கிட்டால் உடனே திருத்துங்கள். அவர் பேசாமல் இருந்து, முடித்ததும் இன்னொரு சம்பவத்தைத் தொடங்கினால், போனை மறுபடியும் பதிவில் போடுங்கள். கட்டுரையில் அதற்கு இடம் இல்லாமல் போகலாம். பரவாயில்லை. அந்தக் குரல் பதிவைத் தேதியும் பெயரும் ஊரும் போட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள். கட்டுரையின் பிரதி ஒன்றை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.